வெளிப்புற ஃபேஷன் படத்தை விமர்சிக்கும் முன் நோக்கத்தைக் கேட்க வேண்டுமா?

ஒளிவழி:
நண்பகலில் மரத்தடியில் எடுத்த இடுப்பளவுப் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு அகலும்), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100. மாடல் அணிந்திருப்பது கழுத்துப்பட்டியில் பூவேலை செய்த வெள்ளை மேலங்கி. தயங்காமல் விமர்சிக்கலாம்.

கரைநிழல்:
முகபாவம் இயல்பாக வந்திருக்கிறது. ஆனால், இலைகளின் ஊடே விழுந்த வெயில் இடது கையில் திட்டுத்திட்டாகப் படிந்து, அந்த இடங்களில் துணியின் நெசவே தெரியாத அளவுக்கு வெளுத்துவிட்டதால், பார்வை முகத்துக்குப் போகும் முன்பே கையில் சிக்கிக்கொள்கிறது. கண்கள் கூர்மையாக இருக்க, பூவேலை மங்கிக் கிடக்கிறது. ஃபேஷன் படத்தில் உடை தெளிவாகத் தெரியவில்லை என்றால் அது குறைதான். ஃபிளாஷ் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

தூரிகை:
இந்த முறையை நான் ஏற்கவில்லை. உடை விற்பனைக்கான படமும், உடையின் வழியே ஒரு மனநிலையைச் சொல்லும் படமும் ஒன்றல்ல. எடுத்தவர் எதை நாடினார் என்று கேட்காமலே குறை என்று தீர்ப்பளிப்பது, அவருடைய படத்தை விட்டுவிட்டு நீங்கள் எடுத்திருக்கக்கூடிய படத்தை விமர்சிப்பதாகும்.

கரைநிழல்:
எடுத்தவர் ஒவ்வொரு பார்வையாளரின் அருகிலும் நின்று தம் நோக்கத்தை விளக்கப்போவதில்லை. முதலில் நோக்கத்தைக் கேட்டுவிட்டால், படத்தில் இல்லாததையும் இருப்பதாகக் காணத் தொடங்கிவிடுவோம். எதுவும் அறியாத கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதைத்தான் எடுத்தவரால் தாமாகத் தெரிந்துகொள்ள முடியாது. அதைச் சொல்வதே விமர்சகரின் வேலை என்பேன்.

வெண்திரை:
இருவரும் கொள்கை பேசுகிறீர்கள். கொடுத்த யோசனை செயல்படுமா என்று யாரும் பார்க்கவில்லை. நேர்வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/100 நொடி என்பது பழைய கணக்கு. அதே வெயிலில் எஃப் 1.8-க்கு வந்தால் ஷட்டர் 1/8000 வரை ஏற வேண்டும். மரநிழலில் இவ்வளவு வேகம் தேவைப்படாது என்றாலும், பெரும்பாலான கேமராக்களில் சாதாரண ஃபிளாஷுக்கு உள்ள 1/200 அல்லது 1/250 வரம்புக்குள் அது வராது. ஆகவே வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை இயங்கவைக்கும் ஹை ஸ்பீடு சிங்க் வசதியோ, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரோ வேண்டும், முன்னதில் ஃபிளாஷின் வலு வெகுவாகக் குறையும். அப்போதும் ஃபிளாஷ் திட்டுகளை அழிக்காது, சுற்றொளியைக் குறைத்து எடுக்க இடம் தரும், அவ்வளவே. மாடலுக்கும் சூரியனுக்கும் இடையே ஒரு மெல்லிய வெண்துணியைப் பிடித்திருந்தால் திட்டுகள் கரைந்திருக்கும். பூவேலையைப் பொறுத்தவரை, இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.; எஃப் 4-இல் அது 13 செ.மீ. அளவுக்கு விரியும், பின்னணியும் ஓரளவு மங்கலாகவே இருக்கும். எடுத்தவர் அடுத்த முறை செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லாத விமர்சனத்தை, அது எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், நான் பாதி விமர்சனமாகவே கருதுவேன்.

தூரிகை:
கணக்கு சரி, ஆனால் எஃப் 4 வேண்டுமா என்பதை எடுத்தவரின் நோக்கம்தானே தீர்மானிக்கும்? இன்னொன்று: மாடலின் உடல்வாகைப் பற்றி ஒருவர் இங்கு எழுதிப் பின்னர் நீக்கியிருக்கிறார். தோள் ஒடுங்கி நிற்கிறது என்பது போஸ் பற்றிய கருத்து. உடல்வாகு யாருடைய கருத்துக்கும் உரியதன்று.

ஒளிவழி:
மூவருக்கும் நன்றி. முகத்தைச் சுற்றி மட்டுமே தெளிவு நிற்க வேண்டும் என்றே எஃப் 1.8-ஐத் தேர்ந்தேன், அதை மாற்றப்போவதில்லை. வெயில் திட்டுகள் மட்டும் நான் நாடியவை அல்ல. இது விற்பனைக்கான படமன்று, என் தொகுப்புக்கானது.

கரைநிழல்:
அந்தத் தொகுப்பு யாருக்குக் காட்டப்படும்? உடை நிறுவனங்களுக்கு என்றால் பூவேலை பற்றி நான் சொன்னது நிற்கிறது. அவர்கள் முதலில் தேடுவது கைவேலையைத்தான். திட்டுகளைப் பொறுத்தவரை, கேமரா பதிந்தபடியே உள்ள ரா கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வண்ணங்களும் உச்சத்தைத் தொட்டுவிட்டிருந்தால் நெசவை மீட்க வழியில்லை. ஒன்றாவது தப்பியிருந்தால் ஓரளவு மீட்கலாம். அந்தக் கோப்பின் ஹிஸ்டோகிராமை (ஒளியளவுகளைக் காட்டும் வரைபடத்தை) இணைத்தால் பார்த்துச் சொல்கிறேன்.