இடமிருந்து வலமாக

குழு: சாலிகிராமம் வீடு

மார்ச் 18, 2026, புதன்

பெரியப்பா: எல்லோருக்கும் காலை வணக்கம். வருகிற சனிக்கிழமை, 21ஆம் தேதி, பிலிம் நியூஸ் ஆனந்தன் சார் காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. பழைய ஸ்டில் போட்டோகிராபர்கள், மேக்கப், காஸ்ட்யூம் ஆட்கள், சில பத்திரிகைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து வடபழனியில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் அவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிறோம். என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டார்கள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. என்ன பேசலாம், சொல்லுங்கள்.

அத்தை (திருச்சி): அதற்குள் பத்து வருடமா அண்ணா? அன்றைக்கு டிவியில் செய்தி பார்த்துவிட்டு உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவே இல்லை.

பெரியப்பா: அஞ்சலி செலுத்தப் போயிருந்தேன்மா.

தம்பி: பெரியப்பா, பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறது. டைரக்டரா?

அப்பா: பழைய படம் போட்டால் டைட்டிலில் ‘மக்கள் தொடர்பு’ என்று போட்டு அவர் பெயர் வரும்டா. எத்தனையோ படங்களில் வரும்.

பெரியப்பா: டைரக்டர் இல்லைப்பா. பத்திரிகையாளர், போட்டோகிராபர். ‘பிலிம் நியூஸ்’ என்ற பத்திரிகையில் வேலை பார்த்ததால் அந்தப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ 1958இல் வந்தது. அந்தப் படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலையை இவர் எடுத்துச் செய்தார். தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ., அதாவது மக்கள் தொடர்பாளர், என்று ஒரு வேலை அங்கிருந்துதான் ஆரம்பம். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஸ்டில் எடுப்பவன் எடுத்துவிடுவான். அது பத்திரிகையில் அச்சாகி ஜனங்கள் கையில் போய்ச் சேர்ந்தால்தானே படம்.

தம்பி: இதையே பேசலாமே பெரியப்பா.

பெரியப்பா: இது அங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும். கலைமாமணி வாங்கியதும் தெரியும். நான் போய்த் திரும்பச் சொன்னால் நன்றாக இருக்காது.

நான்: அப்படியானால் அவருடைய கணக்கு நோட்டைப் பற்றிப் பேசுங்கள். எந்த வருடம் எந்தப் படம், எந்தக் கம்பெனி, யார் இயக்கியது, யார் யார் நடித்தது, யார் இசை. 1931இல் தொடங்கி ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் தேடித் தேடி எழுதி வைத்தார். எந்த அரசாங்கமும் கேட்கவில்லை, எந்தக் கம்பெனியும் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு அவர் சேகரித்ததைத் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. 2004இல் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்று புத்தகமாகவும் வந்தது. உங்கள் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறதே, அதுதான்.

பெரியப்பா: ஆமாம். ஒரு கையால் தூக்க முடியாது.

தம்பி: ஆனால் இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறதே அண்ணா?

நான்: இணையத்தில் தானாக வந்து உட்கார்ந்ததா? யாரோ ஒருவர் முதலில் நோட்டில் எழுதினார். அப்புறம்தான் மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள்.

அக்கா (பெங்களூரு): நானும் ஒன்று சொல்கிறேன். தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931 அக்டோபர் 31. டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. ஒரே படத்தில் தமிழும் தெலுங்கும் பேசினார்கள். அந்தப் படத்தின் பிரின்ட் இன்றைக்கு இல்லை. நம் முதல் பேசும்படத்தை நம்மால் பார்க்க முடியாது. அதைப் பற்றித் தெரிவதெல்லாம் விளம்பரம், பாட்டுப் புத்தகம், பத்திரிகைக் குறிப்பு, இப்படி யாரோ காகிதத்தில் காப்பாற்றி வைத்ததுதான்.

பெரியப்பா: அந்தக் கால நைட்ரேட் பிலிம் தானாகவே பொடிந்துபோகும். தீப்பிடித்தால் அணைக்க முடியாது. ஓடி முடிந்த பிரின்டை வெள்ளி எடுப்பதற்காக உருக்கியும் விற்றார்கள். பிலிமில் வெள்ளி இருக்கிறதே. நாம் பார்த்து அழுத முகங்களை எல்லாம் கொலுசாக மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அக்கா: இன்னொன்றும் கவனித்தீர்களா பெரியப்பா? புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயரும் அதே 2016 மார்ச்சில்தான் காலமானார், 4ஆம் தேதி. அவர் படச்சுருளைத் தேடிச் சேர்த்தார், இவர் விவரத்தைத் தேடிச் சேர்த்தார். பதினேழு நாள் இடைவெளியில் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

பெரியப்பா: இதைக் குறித்துக்கொள்கிறேன் கண்ணு.

அத்தை: அண்ணா, அம்மாவின் டிரங்குப் பெட்டி என்னிடம்தானே இருக்கிறது? பாட்டுப் புத்தகம் நிறைய வைத்திருந்தாள். சாயங்காலம் இறக்கிப் பார்க்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

அத்தை: [படம்] [படம்] [படம்]
பதினோரு புத்தகம் இருக்கிறது. பூச்சி அரித்தது போக மீதி. கதைச் சுருக்கம் நல்ல கட்டத்தில் நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிகிறது. அம்மா அதற்குக் கீழே பென்சிலில், ‘அண்ணியுடன் பார்த்தேன், மழை’ என்று எழுதியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா: அக்கா, அந்தப் பக்கத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பு.

அக்கா: அத்தை, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடிகர், பாத்திரம், பாட்டு எழுதியவர், எல்லாம் படம் வந்தபோதே அச்சானது அது. படம் அழிந்துபோனாலும் அந்த எட்டுப் பக்கம் சாட்சி சொல்லும்.

அத்தை: போடுவேனா? இதற்குள் இன்னொன்றும் இருந்தது. [படம்]

பெரியப்பா: நம் அப்பா!

அப்பா: இந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லையே.

அத்தை: நானும்தான். ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் பாதி அரண்மனை நிற்கிறது. தூணுக்கு முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது, பக்கவாட்டில் சட்டமும் ஆணியும் தெரிகிறது. அப்பா காதில் பென்சில் செருகியிருக்கிறார். மொத்தம் ஐந்து பேர். திருப்பிப் பார்த்தால் ‘1957’ என்று மட்டும்தான். ஒரு பெயர்கூட இல்லை.

தம்பி: தாத்தா செட் வேலை பார்த்தார் என்று தெரியும். இப்படி நின்று இப்போதுதான் பார்க்கிறேன். பெரியப்பா, ஆனந்தன் சார் புத்தகத்தில் தாத்தா பெயர் இருக்கிறதா?

பெரியப்பா: இல்லைப்பா. டைட்டிலில் ஆர்ட் டைரக்டர் பெயரோடு நின்றுவிடும். தச்சு ஆசாரி, பெயின்டர், லைட் தூக்குகிறவர் பெயரெல்லாம் அந்தக் காலத்தில் எங்கேயும் போட மாட்டார்கள். போடாத பெயரை அவரால் எப்படி எழுத முடியும்? கிடைத்த பெயரில் ஒன்றைக்கூட விடாமல் எழுதினார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

கொஞ்சம் இருங்கள், எழுதி அனுப்புகிறேன்.

பெரியப்பா: சனிக்கிழமை இதைத்தான் பேசப்போகிறேன். எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார், ஸ்டில்லின் பின்பக்கம் எழுதாமல் கவரில் போடாதே என்று. படத்தின் பெயர், கம்பெனி, யார் யார். முன்பக்கம் வெளிச்சம், பின்பக்கம் விவரம். நாங்கள் முன்பக்கத்துக்கு உயிரைக் கொடுத்தோம். பின்பக்கத்துக்குச் சோம்பல்பட்டோம். என் வீட்டிலேயே நூறு நெகட்டிவ் இருக்கும், எந்தப் படம் என்று எனக்கே தெரியாது. ஆனந்தன் சார் நம் எல்லோருக்கும் சேர்த்துப் பின்பக்கத்தை எழுதினார். அவரும் காமிரா பிடித்தவர்தான், ஆனால் எழுதவும் உட்கார்ந்தார். இதைச் சொல்லிவிட்டு அப்பாவின் இந்தப் படத்தைக் காட்டுவேன். சரியாக இருக்குமா?

அப்பா: அண்ணா, இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

நான்: பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துப் போங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் முகம் தெரிய வேண்டும்.

மார்ச் 21, சனி

பெரியப்பா: வீட்டுக்கு வந்துவிட்டேன். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மாடி ஏற முடியாத இரண்டு பேரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பேசி முடிக்கும்போது தொண்டை அடைத்துவிட்டது, ஆனாலும் முடித்தேன். அப்பா படம் கை மாறிக் கை மாறிப் போனது. தொண்ணூறு வயதிருக்கும் ஒருவருக்கு, ஸ்டூடியோவில் லைட் வேலை பார்த்தவர். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொன்னார். நான் கைக்குட்டையில் எழுதப்போனேன், பக்கத்தில் இருந்தவர் அழைப்பிதழைத் திருப்பிக் கொடுத்தார்.

அத்தை: சொல்லு அண்ணா, பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியப்பா: பேனாவால் எழுதாதே, மறுபக்கம் ஊறும். பென்சில்தான், அழுத்தாமல். ‘நிற்பவர்கள், இடமிருந்து வலமாக: ஆற்காட்டு மேஸ்திரி. அப்பா.’ அப்பாவின் முழுப் பெயரை எழுது. ‘துணி பெயின்டர், அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர். பிளாஸ்டர் அச்சு எடுப்பவர், கும்பகோணம்.’ மேஸ்திரி, பெயின்டர் பெயர்களை அவர் மகனிடம் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

அத்தை: எழுதிவிட்டேன். ஐந்தாவது ஆள்? துண்டு போட்ட பையன்?

பெரியப்பா: அவருக்கும் தெரியவில்லை. பதினைந்து பதினாறு வயது இருக்கும், டீ வாங்கி வருகிற பையனாக இருக்கலாம் என்றார்.

அத்தை: சரி. அந்த இடத்தில் கோடு போட்டு வைக்கிறேன்.