சந்தோஷப்படச் சொன்னார் ஐயர், எனக்கு வரலை

உச்சக்கடை மகள்:
ஞானஸ்நானம் எடுத்து கிறிஸ்தவளாகி மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவர்தான் அப்பா. போன வியாழக்கிழமை அண்ணனுக்குக் கல்யாணம், எனக்கு அழைப்பில்லை. களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில வச்சு பக்கத்து வீட்டு அக்கா ஒரு பொதி தந்தாங்க, அம்மா கொடுத்துவிட்டது. வாழையிலையில பொதிஞ்ச முந்திரிக்கொத்து, பத்து எண்ணம். ஊர் சேருறவரை மடியிலேயே வச்சிருந்தேன், பிரிக்க மனசு வரலை.

ஞாயிற்றுக்கிழமை ஐயர், அதான் எங்க சபைப் போதகர், வேதாகமத்தில அப்போஸ்தலர் 5:41 எடுத்தார். அடிபட்ட அப்போஸ்தலர்கள், இயேசுவின் பெயருக்காக அவமானப்படத் தகுதி கிடைச்சுதேன்னு மகிழ்ந்து போனாங்க, நீங்களும் சந்தோஷப்படுங்கன்னார். எனக்கு வரலை. என் விசுவாசத்தில குறை இருக்கா?

மார்த்தாண்டம் டீச்சர்:
குறை உன்னிடம் இல்லை மகளே. அழுகிற பிள்ளையிடம் சந்தோஷப்படு என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவதுதான் குறை. பவுலும் சீலாவும் நடுராத்திரி சிறையில் பாடினதை எல்லா மேடையிலும் கேட்கிறோம். விடிந்ததும் பவுல் என்ன சொன்னார்? ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்னாலும் அடித்தீர்கள், இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அதிகாரிகளே வந்து கூட்டிப்போகட்டும் என்றார். அப்போஸ்தலர் 16:37. அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மார்பை மறைக்கும் தோள்சீலை உடுக்கும் உரிமைக்காக நம் பெண்கள் பட்ட பாடும் இந்த மண்ணில்தான். சந்தையில் அவர்கள் மேலாடையைக் கிழித்தார்கள். 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் ஜெபவீடுகளைக்கூட எரித்தார்கள். பாக்கியம் என்று நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை, மனு மேல் மனு கொடுத்தார்கள். 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மகாராஜா மேலாடை உடுக்கலாம் என்று உத்தரவு போட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுக்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. துன்பம் போக வேண்டியது, கொண்டாட வேண்டியதில்லை.

பாறசாலை பாட்டா:
டீச்சர் சொன்னது சரி, பாதிதான் சரி. மனு கொடுக்க ஓடின அந்தக் கால்களுக்குப் பலம் எங்கேயிருந்து வந்தது? விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தேவசகாயம் பிள்ளையை எடுங்க. நட்டாலத்துக்காரர், அரண்மனை உத்தியோகம். 1745-இல வடக்கன்குளத்தில ஞானஸ்நானம், 1749-இல பிடிச்சாங்க. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல பின்பக்கம் பார்க்க உட்கார வச்சு ஊர் ஊராக் கொண்டுபோனாங்க. புண்ணில மிளகாய்ப்பொடி தேய்ச்சாங்கன்னு சொல்லுவாங்க. இயேசுவை மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. வெறும் பிடிவாதத்தில ஒரு மனுஷன் மூணு வருஷம் தாங்க மாட்டான். உள்ளே ஒரு சந்தோஷம் இருந்திருக்கணும்.

எனக்குத் தெரிஞ்சதையும் சொல்லுதேன். இருபத்தி நாலு வயசில நான் வேதத்தில சேர்ந்தேன், கிறிஸ்தவனானேன். ரப்பர் பால் வெட்டப் போற தோட்டத்தில மறுநாளே வேலை இல்லைன்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில நானும் பாட்டியும் மரச்சீனிக் கிழங்கு அவிச்சுத் தின்னோம். தொட்டுக்க உப்பும் காந்தாரி மிளகும். அவ மெல்ல ஒரு பாட்டு எடுத்தா, நானும் சேர்ந்துக்கிட்டேன். அதுக்கு முந்தியும் பிந்தியும் அப்படி ஒரு பாட்டு நாங்க பாடலை. யாரும் பாடச் சொல்லி வந்ததில்லை அது.

மார்த்தாண்டம் டீச்சர்:
பாட்டா, உங்கள் சாட்சியை நான் தட்டவில்லை. ஆனால் அந்த விளக்கடியில் நீங்கள் இரண்டு பேர் இருந்தீர்கள். இந்தப் பிள்ளை பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறது. தேவசகாயத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் நினைவுதான் வரும். கணவரைக் கொன்ற பிறகு சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளம் போய் மீதிக் காலத்தைக் கழித்தவர். 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது நம் ஊரெல்லாம் வெடி வெடித்தோம். அந்த அம்மாள் எத்தனை ராத்திரி அழுதிருப்பார் என்று எந்தப் பிரசங்கத்தில் கேட்டோம்?

கொல்லங்கோடு இளையவன்:
அக்கா கோபிக்காதீங்க. கல்யாணத்துக்குக் கூப்பிடாதது எல்லா வீட்டிலும் நடக்குது. அதையும் விசுவாசத்துக்காக உயிர் விட்ட ரத்தசாட்சியையும் ஒரே தராசில வைக்கலாமா? நம்ம தப்பினால வர்ற பாடு வேற, கிறிஸ்தவனா இருக்கிறதினால வர்ற பாடு வேறன்னு பேதுருவே பிரிச்சு எழுதியிருக்கார்.

மார்த்தாண்டம் டீச்சர்:
தம்பி, வலிக்கு அளவுகோல் வைக்காதே.

உச்சக்கடை மகள்:
இல்லை டீச்சர், தம்பி கேட்டது என்னைத் தூங்கவிடலை. ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு சாயங்காலம் அப்பா பூஜை அறையில விளக்கு ஏத்திக்கிட்டிருந்தார். நான் அந்த விளக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன், இங்கே எழுத மாட்டேன். அவர் கையில தீக்குச்சி விரல்வரை எரிஞ்சுது, அவர் உதறலை. இயேசுவை விட மாட்டேன்னு நான் சொன்னதுக்காக அவர் பேசாமல் இருந்தா, அந்தப் பாடுகளை நான் தாங்குவேன். ஆனா அந்த வார்த்தைக்கும் சேர்த்து சிலுவைன்னு பேர் வச்சுக்கிட்டிருந்தேன். அதனாலதான் சந்தோஷம் வரலையோ என்னமோ. அப்பாவுக்கு ஒரு கடிதாசி எழுதி வச்சிருக்கேன். விசுவாசத்துக்கு மன்னிப்புக் கேட்கலை, வார்த்தைக்குக் கேட்டிருக்கேன்.

பாறசாலை பாட்டா:
மகளே, இது எழுத எருமை மேல ஏறுற தைரியம் வேணும். டீச்சர், ரெண்டு பேரா இருந்தோம்னு நீங்க சொன்னது என்னைக் குத்திட்டு. அதை நான் யோசிச்சதே இல்லை. சந்தோஷம் உண்டுன்னு சொல்லுறதை மட்டும் விட மாட்டேன், கண்டவன் நான்.

மார்த்தாண்டம் டீச்சர்:
உண்டு என்று நீங்கள் சொல்லுங்கள் பாட்டா, கேட்டுக்கொள்கிறேன். சந்தோஷப்படு என்று இன்னொருத்தருக்குக் கட்டளை போடும்போது மறுபடியும் சண்டைக்கு வருவேன்.

பாறசாலை பாட்டா:
வாங்க. மகளே, வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வா. மரச்சீனி பிடுங்கி வைக்கேன், பாட்டிக்கும் சொல்லியாச்சு.

உச்சக்கடை மகள்:
வாறேன் பாட்டா. முந்திரிக்கொத்து கொண்டுவாறேன், இன்னும் ஏழு இருக்கு.