காப்புக்கட்டு வாழ்த்து அட்டை: வேப்பிலை கறுக்குது, அட்டை நெளியுது, என்ன செய்யலாம்?

பூளைப்பூ:
பொங்கலுக்கு 40 அட்டை செய்யணும். முகப்பில், கொங்குப் பக்கம் பொங்கலுக்கு வீட்டு வாசலில் கட்டுற காப்புக் கொத்து: வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. ஓரத்தில் சின்ன நெற்கதிர். பழைய நோட்டுக்குள் நாலு நாள் வச்சு எடுத்து, ஃபெவிக்கால் பூசி, சார்ட் பேப்பரில் ஒட்டினேன். பிளாஸ்டிக் உறையிலும் போட்டாச்சு. ஒரே வாரத்தில் வேப்பிலை கறுத்து ஈர்க்கிலிருந்து உதிருது. அட்டை வளையுது. மூணு அட்டையில் சாம்பல் நிறப் புள்ளி. எங்கே தப்பு?

அட்டைக்காரர்:
எல்லாத்துக்கும் காரணம் ஈரம்தாங்க. இலை முழுசா காயலை. ஃபெவிக்காலில் இருக்கிற தண்ணி மெல்லிசு சார்ட்டை ஊற வச்சுடுச்சு. மிச்ச ஈரம் பிளாஸ்டிக்கை விட்டு வெளியே போக வழியில்லை. சாம்பல் புள்ளி பூஞ்சை.

முதல்ல பறிக்கிற நேரம். மார்கழிப் பனி காய்ஞ்சு, பத்து பதினோரு மணிக்குப் பறிங்க. ஒரு மணி நேரத்துக்குள் அழுத்தத்தில் வச்சுடணும். வாடின வேப்பிலைதான் ஈர்க்கை விட்டுக் கழலும்.

அடுக்குற முறை: நெளி அட்டை (பார்சல் பெட்டி அட்டை), நாலு தாள் செய்தித்தாள், ஒரு வெள்ளைத்தாள், இலை, மறுபடி வெள்ளைத்தாள், செய்தித்தாள், நெளி அட்டை. வெள்ளைத்தாள் இல்லாட்டி அச்சு மை பூவில் ஏறும். வழவழ பத்திரிகைத் தாள் ஈரம் இழுக்காது, வேண்டாம். மேலே எட்டு பத்து கிலோ, நாலு செங்கல் போதும். முதல் நாலு நாளும் தினம் செய்தித்தாளை மாத்துங்க. பலர் விடுறது இதைத்தான். நனைஞ்ச தாளிலேயே கிடந்தா இலை மெதுவா காயும், மெதுவா காயுற இலைதான் கறுக்கும். மொத்தம் எட்டுலேர்ந்து பத்து நாள்.

காய்ஞ்சதான்னு பார்க்க, இலையைக் கன்னத்தில் வைங்க. சில்லுன்னு இருந்தா உள்ளே ஈரம் இருக்கு. காம்பைப் பிடிச்சுத் தூக்கும்போது தொங்காம விறைப்பா நிக்கணும்.

மஞ்சள்கொத்து:
பத்து நாள் இல்லாதவங்க வேப்பிலையை இஸ்திரி போடலாம். நீராவி கூடாது, சில்க் சூடு. ரெண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் வச்சுப் பத்து விநாடி அழுத்தி எடுத்து, ஆற விட்டு மறுபடி. நாலஞ்சு தடவை. தேய்க்காதீங்க, ஈர்க்கு ஒடியும்.

அட்டைக்காரர்:
வேப்பிலைக்குச் சரி. ஆவாரம்பூவுக்கு வேண்டாங்க, இதழ் தாளோட ஒட்டிக்கும். ஆவாரம்பூவை முழுப் பூவா அழுத்தினா நடுவில் புடைக்கும். இதழ்களைத் தனித்தனியா காய வச்சு, ஒட்டும்போது பூவா அடுக்குங்க. பூளைப்பூவுக்கு அழுத்தமே தேவையில்லை. தலைகீழா ரெண்டு நாள் தொங்கவிட்டு, லேசா தட்டி உதிர்றதை உதிர்த்துட்டு ஒட்டினா போதும்.

ஒட்டுறதுக்கு: சார்ட்டை விட்டுட்டு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஐவரி அட்டை, அதாவது கெட்டி வெள்ளை அட்டை வாங்குங்க. ஃபெவிக்காலில் தண்ணி கலக்காதீங்க. பல்குச்சி நுனியில் கடுகளவு எடுத்து, முதல்ல ஈர்க்கு நெடுக நாலு இடத்தில் வச்சு ஒட்டி, அப்புறம் ஒவ்வொரு இலைக்கும் அடியில் ஒரு புள்ளி. பின்பக்கம் முழுக்கப் பூசினா பசை காயும்போது அட்டையை இழுத்து வளைக்கும். ஒட்டினதும் மேலே பட்டர் பேப்பர் போட்டு ஓர் இரவு பாரம். (மைதாப் பசை வேண்டாம். பூச்சி வரும். பூச்சிக்காக மயில்துத்தம் கலந்தா அது விஷம், குழந்தைங்க தொடுற அட்டைக்கு ஆகாது.)

பூளைப்பூ:
நன்றிங்க. நெற்கதிர் உறையைக் குத்துது. அதுக்கு? மாவிலையும் வைக்கலாமா?

மஞ்சள்கொத்து:
மணி பிடிச்ச கதிரை அட்டையில் வைக்காதீங்க. தடிமன் ஒரு பக்கம், உள்ளே வண்டு இருந்தா இன்னொரு தொல்லை. களத்தில் தூற்றும்போது பறக்கிற பதரை எடுங்க. தட்டையா, லேசா, அதே பொன்னிறத்தில் இருக்கும். வைக்கோல் ஈர்க்கு ஒண்ணை ஒட்டி, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பதினஞ்சு பதர். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மாவிலைன்னா விரல் நீளச் சின்ன இலை. பின்பக்க நடுநரம்பை பிளேடால் சீவிட்டு அழுத்துங்க. பச்சை நிக்காது, மங்கின எண்ணெய்ப் பச்சையா மாறும். கொத்தைக் கட்ட நூலுக்குப் பதிலா வாழைநார். அதை ஊசியால் கிழிச்சு நூல் மாதிரி மெல்லிசாக்கணும்.

அட்டைக்காரர்:
தபாலில் போறதுக்கு ஒண்ணு. ஏ4 தாளைப் பாதியா வெட்டி மடிச்சா அட்டை 148க்கு 105 மி.மீ. வரும், சி6 உறைக்கு (162க்கு 114 மி.மீ.) பொருந்தும். மடிப்பு வரியை மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வச்சு ஒரு தடவை கீறிட்டு மடிச்சா வெடிக்காது. தபால்தலை ஒட்டுற மூலைக்கு நேரா கொத்து வரக்கூடாது, முத்திரை குத்துற அடியில் நொறுங்கும். பூ மேலே பட்டர் பேப்பர் ஒரு தாள் வைங்க. பிளாஸ்டிக் உறை வேண்டாம், காகித உறை போதும்.

பூளைப்பூ:
ஏற்கெனவே ஒட்டினதைக் காப்பாத்த முடியுமா?

அட்டைக்காரர்:
வளைஞ்சதை உறையிலிருந்து எடுத்து, காத்தாட ஒரு நாள் விட்டுட்டு, பட்டர் பேப்பருக்கு நடுவில் ரெண்டு நாள் பாரம் வைங்க, ஓரளவு நிமிரும். கறுத்த இலைக்கு வழியில்லை. புள்ளி விழுந்த மூணையும் துடைக்க வேண்டாம், தூள் மத்த அட்டையில் பரவும். அப்படியே போகி நெருப்பில் போட்டுடுங்க.