பி-52'ஸ் முதல் ஆல்பம்: உங்களை நிறுத்திய இடம் எது?

சாரல்:
யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். எல்லாரையும் போல நானும் 'ராக் லாப்ஸ்டர்' பாட்டைக் கேட்கத்தான் பி-52'ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் அந்த 1979 ஆல்பத்தைப் போட்டேன். மஞ்சள் அட்டை, உயரக் கொண்டை, முழுக்கக் கும்மாளம்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது பாட்டு 'டான்ஸ் திஸ் மெஸ் அரவுண்ட்'. ஏன் என்னோடு ஆட மாட்டேன் என்கிறாய் என்று குழுவின் பாடகி சிண்டி வில்சன் ஒருவனைக் கேட்கிறார். பேசுவது போல ஆரம்பித்த குரல் ஏறி, உடைந்து, கத்தலாகிவிடுகிறது. துளி நடிப்பு இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதே பாட்டில் நடனப் பேர்களாக அடுக்கிக்கொண்டு போகிறார்கள்! அந்தக் கத்தல் மட்டும் இன்னும் காதிலேயே நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

கடலோரம்:
எனக்கு 'ராக் லாப்ஸ்டர்'தான். ஆறு நிமிடம் நாற்பத்தொன்பது விநாடி. பாட்டின் கடைசிப் பகுதியில் பாடகர் ஃப்ரெட் ஷ்னைடர் கடல் பிராணிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட, இன்னொரு பாடகி கேட் பியர்சனும் சிண்டியும் அதது மாதிரி குரல் கொடுப்பார்களே, அங்கே என் மகள் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்த் தேடினாள். உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்றே நம்பினாள். பாட்டை விட்டு ஒதுங்கியிருந்த பீட்டில்ஸ் ஜான் லென்னன் 1980இல் பெர்முடாவில் இதைக் கேட்டபோது, அவருக்கு மனைவி யோகோ ஓனோவின் குரல்தான் ஞாபகம் வந்ததாம். மறுபடி பாட்டுப் பக்கம் திரும்ப அதுவும் ஒரு தூண்டுதல்.

சாரல், 'கும்மாளம்' என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். கும்மாளத்தை இவ்வளவு கச்சிதமாகச் செய்வது லேசில்லை.

நாலு கம்பி:
இரண்டு பேரும் ரிக்கி வில்சனை விட்டுவிட்டீர்கள். சாரல், நீங்கள் சொல்லும் கத்தலுக்குப் பின்னால் கிட்டார் வாசிப்பவர் சிண்டியின் சொந்த அண்ணன். 1985இல் எய்ட்ஸில் போய்விட்டார், வயது 32. நோய் இருப்பதைத் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. இது தெரிந்த பிறகு என்னால் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க முடியவில்லை.

கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரிக்கி நடுக்கம்பிகளைக் கழற்றிவிட்டு, மீதியைத் தன் இஷ்டத்துக்குச் சுருதி சேர்த்து வாசிப்பார். நீங்களும் மூன்றாவது, நான்காவது கம்பிகளைக் கழற்றுங்கள். மெல்லிய கம்பிகள் இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டு வாருங்கள். முறுக்கி ஏற்றினால் அறுந்துவிடலாம், அதனால் கடைசிக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். தடித்த கம்பியில் கட்டைவிரலால் பேஸ் கிட்டார் மாதிரிக் கீழ்சுருதியில் தட்டி, மெல்லியவற்றில் மெட்டு. கோர்டு புத்தகத்தை மூடி வையுங்கள், இங்கே உதவாது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் மெதுவாக வாசித்த பிறகு வேகம் கூட்டுங்கள்.

இரவுப் பேருந்து:
நாலு கம்பி அண்ணா, கிட்டார் சரி. ஆனால் அப்போது அந்தக் குழுவில் பேஸ் வாசிக்கத் தனி ஆளே கிடையாது. கேட் இடது கையால் கீபோர்டில் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவார். அதையும் சொல்லுங்கள்.

என் இடம் 'பிளானட் கிளேர்'. முதலில் தந்தி அடிப்பது போல பீப் பீப், அப்புறம் கிட்டார், அதன் மேல் வார்த்தையே இல்லாமல் கேட்டின் குரல். இரண்டு நிமிடத்துக்கும் மேல் பாட்டு வரி எதுவும் கிடையாது. விழுப்புரம் தாண்டி விளக்கில்லாத ரோட்டில் கேட்டேன். இது வாத்தியமா, மனிதக் குரலா என்று பிடிபடவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு பக்க இயர்போனைக் கொடுத்து, "சார், இதைக் கேளுங்க" என்றேன். முன்பின் தெரியாதவர். முடியும்வரை கழற்றவில்லை.

அப்புறம், பஹாமாஸில் பதிவானபோது தயாரிப்பாளர் கிறிஸ் பிளாக்வெல் அதிகமாக எதையும் சேர்க்காமல் விட்டதால் ஆல்பம் வறண்டு கிடக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மேலே எதையாவது பூசியிருந்தால் சாரல் சொன்ன அந்தக் கத்தல் இவ்வளவு பக்கத்தில் கேட்டிருக்காது.