மறுமொழி: மூன்று துப்பாக்கிச் சின்னத்துக்கு என்ன பெயர்?

> ‘பைல்ட் ஆர்ம்ஸ்’ என்பதைத் ‘துப்பாக்கிப்போர்’ எனலாமா? வைக்கோற்போர் இருக்கிறதே.

ஐயா,

பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் (பி.எஸ்.ஏ.) கம்பெனியின் மூன்று துப்பாக்கிச் சின்னத்தை ஆங்கிலத்தில் ‘பைல்ட் ஆர்ம்ஸ்’, அதாவது குவித்த ஆயுதங்கள், என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குவியலைக் குறிக்கும் ‘போர்’ நல்ல உழவர் சொல்தான். ஆனால் துப்பாக்கிக்குப் பக்கத்தில் அதை வைத்தால் குவியல் யாருக்கு நினைவு வரும்? சண்டை மூண்டுவிடும்! இந்தச் சின்னம் காட்டுவதோ சண்டை ஓய்ந்த பொழுதை. படைவீரர்கள் இளைப்பாறும்போது துப்பாக்கிகளை மண்ணில் கிடத்தாமல், அடிக்கட்டைகளை அகல ஊன்றி, முனைகளை ஒன்றோடொன்று சார்த்தி நிறுத்துவார்கள். பிரிட்டிஷ் படையில் இதற்கென்று தனிக் கட்டளையே இருந்தது.

பி.எஸ்.ஏ. கம்பெனி அந்த நிலையைத்தான் முத்திரையாக்கிக்கொண்டது. லண்டனுக்கு அருகே என்ஃபீல்டில் பிரிட்டிஷ் அரசே அமெரிக்க இயந்திரங்களை நிறுவித் துப்பாக்கி செய்யத் தொடங்கியதும், கைவேலையை நம்பியிருந்த பர்மிங்காம் துப்பாக்கிக் கொல்லர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. 1861இல் ஒன்றுகூடி, பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் பகுதியில் தாங்களும் இயந்திரத் தொழிற்சாலை கட்டினார்கள். படைத்துறை வேலை குறைந்த காலத்தில் 1880 முதல் மிதிவண்டி, பின்னர் மோட்டார் சைக்கிள் என்று போனார்கள். முத்திரையும் கூடவே போயிற்று. அம்பத்தூர் பி.எஸ்.ஏ. சைக்கிளில் பள்ளிக்குப் போன நம்மில் எத்தனை பேர் அந்த மூன்றெழுத்துக்குள் துப்பாக்கியைக் கண்டோம்?

‘ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்பதைச் ‘சிறு ஆயுதங்கள்’ என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆங்கிலத்தில் ‘ஆர்ம்ஸ்’ ஆயுதத்தையும் கையையும் குறிப்பதால், ‘பைல்ட் ஆர்ம்ஸ்’ என்பதற்குக் ‘குவித்த கைகள்’ என்று வந்த இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் அந்தப் பிழைதான் எனக்கு வழிகாட்டியது. குவித்த கையைக் ‘கூம்பிய கை’ என்பது நம் மரபு. மாலையில் தாமரை கூம்புகிறது. அடி அகன்று நுனி ஒடுங்கும் வடிவத்துக்கும் கணக்குப் பாடத்தில் கூம்பு என்றே பெயர். வடிவம், ஒடுக்கம், ஓய்வு மூன்றும் ஒரே சொல்லில் அடங்கும்போது வேறெங்கே தேடுவது? ஆகவே ‘துப்பாக்கிக் கூம்பு’ என்பது என் முன்மொழிவு. ‘படைக்கலக் கூம்பு’ இன்னும் கம்பீரமாக ஒலிக்கிறது. ஆனால் வாளும் வேலும் அதற்குள் நுழைந்துவிடும்.

கிளைச்சொல்லுக்கும் இது இடம்தருகிறது. பிரிட்டிஷ் படையின் பழைய லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் முனையருகே, இப்படிக் கோத்து நிறுத்துவதற்கென்றே ஒரு சிறு வளையம் உண்டு. அதைக் ‘கூம்பு வளையம்’ எனலாம். ‘போர் வளையம்’ என்று சொல்லிப் பாருங்கள், முற்றுகை போலத் தோன்றும்.

கட்டளைக்கு ‘கூம்பிடு!’ என்று யோசித்தேன். அவசரத்தில் ‘கும்பிடு’ என்று காதில் விழுகிறது. இதற்கு மட்டும் வேறு சொல் யாராவது தாருங்கள்.