ஜீஸ் பெண்ட்: ஊரை ஆக்கிய எளியவர்களை எங்கே தேடுவது?

செம்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சில ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் தென்மாநிலச் சிற்றூர் ஒன்றைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் ஜீஸ் பெண்டைத் தேர்ந்தெடுத்தேன். 1816-இல் அங்கே பருத்திப் பண்ணை அமைத்த ஜோசப் ஜீயின் பெயரை ஊர் தாங்கியிருக்கிறது. 1845-இல் பண்ணை மார்க் பெட்வேயின் கைக்கு மாறியது. அவர் அடிமைகளாக வைத்திருந்த ஏறக்குறைய நூறு பேர் வட கரோலினாவிலிருந்து நடத்தியே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய சந்ததியினர் பலருக்கு இன்றும் பெட்வே என்பதே குடும்பப்பெயர். 1949-இல் ஊருக்கு அதிகாரப்பூர்வமாகச் சூட்டப்பட்ட பாய்க்கின் என்ற பெயரும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருடையதுதான்.

ஊரின் பெயர், குடும்பத்தின் பெயர் இரண்டுமே உடையவர்களுடையவை என்றால், அங்கே உழுதும் சமைத்தும் பிள்ளை வளர்த்தும் ஊரை ஊராக்கியவர்களை நான் எதைக்கொண்டு நினைவுகூர்வது? "அவர்கள் பாடுபட்டார்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

நீங்கள் தேடும் ஆவணம் காகிதத்தில் இல்லை, துணியில் இருக்கிறது. அவ்வூர்ப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளிலிருந்து உங்கள் பேச்சைத் தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன்.

ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவருடைய வேலை உடைகளைப் பிரித்து ஒரு போர்வையாகத் தைத்து, அதைப் போர்த்திக்கொண்டு அவரை நினைத்திருப்பேன் என்று தாய் சொன்னதை, அந்தத் தையலுக்கு உடனிருந்து உதவிய மகள் ஆர்லான்சியா பெட்வே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வயலில் வெயிலிலும் வியர்வையிலும் நிறம் வெளுத்த துணியும் சாக்குத் துணியும் பட்டை பட்டையாக அதில் இணைந்திருக்கின்றன. அந்த மனிதர் எவ்வளவு உழைத்தார் என்பதை எந்தக் கணக்கேட்டையும்விட அந்த வெளுப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆதலால் அந்தப் போர்வையின் முன் நிற்கும்போது "பெட்வே" என்பது பண்ணையாரின் பெயராக எனக்குத் தோன்றுவதில்லை.

1966-இல் இதே வட்டாரத்துப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கித் தையலால் வருமானம் ஈட்டினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்திற்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைகளைத் தைத்துக் கொடுத்தார்கள். அந்த வேலையில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளும் வீட்டுப் போர்வைகளில் இடம்பெற்றன. 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இப்போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன, 2006-இல் அஞ்சல்தலைகளிலும் வந்தன.

கரைவழி எழுதியது:

நூல்கண்டு சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. அருங்காட்சியகத்தின் வழியாக மட்டும் இவ்வூரைப் பார்த்தால், கலைஞர்கள் என்ற புகழ்ச்சியில் குடிமக்கள் மறைந்துவிடுவார்கள். போர்வைகளின் புகழால் வந்த பணத்தில் உரிய பங்கு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று தைத்த பெண்களில் சிலர் 2007-இல் வழக்குத் தொடுத்ததையும், அது அடுத்த ஆண்டு தீர்வுக்கு வந்ததையும் பேச்சில் விட்டுவிடாதீர்கள்.

1932-ஐயும் சொல்லியாக வேண்டும். கடனுக்குப் பொருள் கொடுத்துவந்த வணிகர் இறந்ததும், நிலுவைக்கு ஈடாக அவர் குடும்பத்தார் ஊராரின் கால்நடைகளையும் கருவிகளையும் தானியத்தையும் அள்ளிச் சென்றார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவைக் கொண்டுதான் அந்தக் குளிர்காலத்தை மக்கள் கடந்தார்கள்.

அடுத்தது படகு. மாவட்டத் தலைநகரான கேம்டன் ஆற்றுக்கு மறுகரையில்தான் இருக்கிறது. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள அங்கே போகத் தொடங்கியபோது, 1962-இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சில நிமிடங்களில் கடந்த ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 40 மைல் சாலையில் போகவேண்டியதாயிற்று. 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் இவ்வூருக்கு வந்து பேசினார். அந்த வருகையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, வேலையும் குடியிருப்பும் பறிபோகும் என்று தெரிந்தும் பதிவு செய்யப் புறப்பட்ட குத்தகை விவசாயிகளின் பயணம். படகு மீண்டும் ஓடத் தொடங்கியது 2006-இல், அதாவது 44 ஆண்டுகள் கழித்து.

பழைய ஏடு எழுதியது:

முகங்கள் வேண்டுமென்றால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் படத்தொகுப்பைப் பாருங்கள். அரசின் மறுகுடியேற்றத் துறைக்காக 1937-இல் ஆர்தர் ராத்ஸ்டைன் இவ்வூரில் எடுத்த படங்களை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். போர்வை தைக்கும் ஜொரீனா பெட்வேயுடன் இரண்டு சிறுமிகள் இருக்கும் படம் ஒன்று உண்டு. ஒருத்தி ஜென்னி பெட்வே என்று குறிப்பில் இருக்கிறது, மற்றவள் வெறுமனே "மற்றொரு சிறுமி". அந்த இரண்டு சொற்களை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

மற்ற ஊர்களையும் தொட்டுக்காட்ட விரும்பினால் ரோசன்வால்ட் பள்ளிகளைச் சொல்லுங்கள். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனின் முயற்சியாலும், சியர்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட் அளித்த நிதியாலும் 1932 வரை தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. ஊராரும் தம் பங்கைத் தரவேண்டும் என்பது நிபந்தனை. கோழி விற்றும், பள்ளிக்கென்று தனியே ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விளைவித்தும், மரம் வெட்டிக் கொடுத்தும் அவர்கள் திரட்டியது ரோசன்வால்ட் தந்த தொகையைவிட அதிகம். பள்ளிகளோ அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

செம்மண் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரோசன்வால்ட் பள்ளிகளை இன்னொரு கூட்டத்திற்கு வைத்துக்கொள்கிறேன், அரை மணிக்குள் இரண்டையும் அடக்கினால் இரண்டும் சுருங்கிவிடும். ஜீயையும் மார்க் பெட்வேயையும் முதலில் அறிமுகப்படுத்தவிருந்த என் குறிப்புகளை மாற்றி எழுதிவிட்டேன். மிசூரி பெட்வேயின் போர்வையில் தொடங்கி, 1932-ஐச் சொல்லி, படகு நின்ற கதைக்கு வருவேன். பண்ணையார்களின் பெயர்கள் குடும்பப்பெயரை விளக்கும் இடத்தில் மட்டும் வரும். ராத்ஸ்டைனின் படத்தைத் திரையில் காட்டும்போது, அந்தப் பெயரில்லாத சிறுமியைச் சுட்டி, குறிப்பில் இருப்பதை அப்படியே வாசிப்பேன்.