காந்தி தபால்தலைகளுக்கு எந்த மவுண்ட் நல்லது?

மயிலைவாசி:
தாத்தாவின் ஆல்பத்தில் 1948 காந்தி தபால்தலைகள் மூன்று இருக்கின்றன, ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா (10 ரூபாய் மட்டும் இல்லை, அது இருந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்!). பின்பக்கப் பசை அப்படியே இருக்கிறது. ஹிஞ்ச் (பின்பக்கம் ஒட்டும் சின்னப் பசைத்தாள்) ஒட்டலாமா, மவுண்ட் (தபால்தலையைச் செருகி ஆல்பத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் உறை) வாங்கலாமா?

பழையமுத்திரை:
ஹிஞ்ச் வேண்டவே வேண்டாம். தொடாத பசைக்குத்தான் விலை, ஹிஞ்ச் ஒட்டினால் அந்தத் தடம் போகாது. ஹாவிட் பிராண்ட் மாதிரி பாலிஸ்டைரீன் மவுண்ட் வாங்குங்கள். கடையில் கிடைக்கும் மலிவான பிவிசி உறையில் மட்டும் போடாதீர்கள், அதில் கலந்திருக்கும் மென்மையாக்கி நாளடைவில் கசிந்து தபால்தலையைக் கெடுத்துவிடும். ஓரத்துப் பற்களையும் சேர்த்து அளந்து, மவுண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள்.

தஞ்சைக்காரன்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், மவுண்டை ஆல்பத்தில் ஒட்டும்போது நாக்கால் முழுசாக நக்கிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, ஈரம் உள்ளே போய், தபால்தலை மவுண்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு நல்ல செட் வீணானது. மேல் ஓரத்தில் மட்டும் லேசாக ஈரம் போதும்.

மயிலைவாசி:
சரி, கறுப்புப் பின்னணியா, வெள்ளையா?

பழையமுத்திரை:
கறுப்பில் பற்கள் பளிச்சென்று தெரியும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் பின்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஒளிபுகும் மவுண்ட். அப்புறம், சென்னைப் புழுக்கத்துக்கு ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்கினால் அழுத்தத்தில் பசை ஒட்டிக்கொள்ளும்.